முதல் கவளத்தோடு

ஆகஸ்ட் 1, வியாழன்

வல்லியின் எடை காலையில் 40.2 கிலோ.

டாக்டர் ஜெரால்டு சொன்னதற்காக இந்த நோட்டைத் தொடங்குகிறேன். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை முறை கக்கூஸுக்குப் போனாள், எடை எவ்வளவு, எல்லாம் தினமும் எழுத வேண்டுமாம். பால் பண்ணை லேபில் இருபத்தெட்டு வருடமாகப் பாலுக்கு எழுதுவதை இனிமேல் பெண்டாட்டிக்கும் எழுதப் போகிறேன். வல்லியிடம் சொன்னேன். "அப்படியே நான் திரிஞ்சு போயிட்டேனான்னும் பாத்துருங்க" என்றாள்.

ஜூன் மாதம் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. கணையம் முழுக்கக் கல். கணையத்தில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தால் வரிசையில் நிற்பவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள், அப்படி ஓர் ஆள். இப்போது வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. நாலு மாதம் லீவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் நானும்தான்.

காலை: இட்லி மூன்று, எள்ளுப்பொடி, நல்லெண்ணெய். மதியம்: சாதம், பருப்பு, நெய் ஒரு ஸ்பூன், தயிர். மாலை: பால். கக்கூஸ்: ஐந்து முறை. எண்ணெய் மிதக்கிறது. அவள் வெட்கப்பட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன், பார்க்கவும் செய்கிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

40.1.

பண்ணையில் செல்வராணி கேட்டாள், "மேடம் இவ்வளவு நெய் சாப்பிட்டும் ஏன் ஸார் மெலியுதாங்க?" என் லேபில் இரண்டாவது கெமிஸ்ட் அவள். அவளுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் எழுதி வைக்கிறேன். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. பாலில் மட்டும் கொழுப்பு பொடிப்பொடித் துளியாகி, ஒவ்வொரு துளிமேலும் ஒரு மெல்லிய உறை போர்த்திக்கொண்டு தண்ணீரோடு சண்டையில்லாமல் மிதக்கிறது. குடலில் பித்தநீர் செய்வதும் அதே வேலைதான், நெய்யைத் துளித்துளியாக உடைத்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு கணையத்திலிருந்து என்சைம் வந்து அந்தத் துளிகளை வெட்ட வேண்டும். வெட்டினால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். வல்லிக்கு வெட்டுகிற ஆள் இல்லை. உள்ளே போன நெய் போன மாதிரியே வெளியே வந்துவிடுகிறது.

துளியை இன்னும் சின்னதாக்கிக் கொடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம் என்று ஒரு யோசனை. துளிகளை மெஷினில் பொடியாக்கிய பால் பண்ணையில் கிடைக்கும். இனிமேல் அதுதான் வாங்கி வரப் போகிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

நான் மட்டும் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வல்லிக்கு ஆட்டோவில் குலுங்கினால் வயிறு வலிக்கிறது.

பால் யோசனையைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். "துளியை எவ்வளவு சின்னதாக்கினாலும் வெட்டறதுக்கு ஆள் வேணும்ல சார்?" என்றார். வெட்டுகிற என்சைமையே காப்ஸ்யூலாகக் கொடுக்கலாமாம். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும் சார். இது பன்னியோட கணையத்துல இருந்து எடுக்கிறது. நீங்க சைவம்னு ஃபைல்ல பாத்தேன். பூஞ்சைல இருந்து எடுக்கிறதும் இருக்கு, ஆனா அம்மா இருக்கிற நிலைமைக்கு அது பத்தாது. அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லுதேன் டாக்டர்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஐந்து நிமிடம் ஏதேதோ சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். மருந்துக் கடையில் டப்பாவோடு ஒரு தாளும் இருந்தது. முதல் பத்தியிலேயே பன்றி. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வல்லியைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் பொடி எழுத்தை முழுக்கப் படித்த பிறகுதான் பிரிப்பாள். ஜெல்லியை மாட்டு எலும்பில் செய்கிறார்கள் என்று பத்து வருடத்துக்கு முன் ஒரு பாக்கெட்டில் படித்தாள். அன்றிலிருந்து ஜெல்லி எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. ஆபீஸில் யாராவது ரிட்டயர் ஆனால் கேக் வெட்டும்போது இவள் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நழுவிவிடுவாள். எனக்கு இந்தப் பிடிவாதம் எல்லாம் கிடையாது. கோயிலுக்குப் போனாலும் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான்.

வீட்டுக்கு வந்ததும், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள். "சாப்பாட்டுலயே சரி பண்ணிக்கிடலாம்னாரு" என்றேன். நாளை ஆடி அமாவாசை. விரத நாளும் அதுவுமாக வேண்டாம், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

39.9.

சொல்லவில்லை.

சொன்னால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்று அவள் ஒரு முறை சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல்லை நான் ஒரு முறைகூட மாற்றியதில்லை. அதனால் வேறு வழி எடுத்தேன். டப்பா பண்ணை லேபில் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தினமும் எண்ணி எடுத்து வருகிறேன். காப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே கடுகைவிடச் சின்னதாகப் பழுப்பு மணிகள். அப்படியே போட்டால் வல்லி கண்டுபிடித்துவிடுவாள். சின்ன உரலில் இட்டு மைய அரைத்துப் பருப்புப்பொடியோடு சேர்த்துவிட்டேன். நிறம் தெரியவில்லை.

சமையலை நானே எடுத்துக்கொண்டேன். "ஆம்பள சமையல்னா உப்பு ரெண்டு தடவ விழும்" என்று கிண்டல் செய்தாள். ஆனாலும் மறுப்புச் சொல்லவில்லை, அவளால் அடுப்படியில் நிற்க முடியாது.

எனக்கு என் தொழில் தெரியும். பாலைச் சூடாக்கினால் அதில் உள்ள என்சைம் செத்துவிடும், செத்ததா என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. அதனால் லேப் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, சோறு நாற்பது டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் பொடியைப் போட்டேன். வேலை செய்கிறதா என்று ஒரு சோதனையும் பார்த்தேன். டம்ளரில் பால், ஒரு துளி சோடா உப்புக் கரைசல், புளிப்பு பார்க்கும் மருந்து இரண்டு சொட்டு. பால் ரோஜா நிறமானது. கொழுப்பு வெட்டுப்பட்டால் புளிப்பு வந்து நிறம் போய்விட வேண்டும். பொடியைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது! அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினேன்.

"என்ன சத்தம்?" என்று கேட்டாள். கொசு என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

39.7. இரண்டு நாளில் தெரியாது. பொறுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

39.4.

மதியம் தயிர்சாதம். பிசைந்து, பொடி கலந்து, அவள் வலி மாத்திரை போட்டுவிட்டு வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. தட்டில் சோறு கஞ்சியாக ஓடியது. "என்னங்க இது, தயிர்சாதமா பாயசமா? லேசா கசக்கவும் செய்யுது" என்றாள். தண்ணீர் கூடிவிட்டது என்று மழுப்பினேன். உண்மையில் எனக்குச் சந்தோஷம். சோற்றையே கரைக்கிற என்சைம் கொழுப்பையா விட்டுவைக்கும்?

கக்கூஸ் ஐந்து முறை. எண்ணெய் அப்படியேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

39.1.

அவளுக்குச் சொதி பிடிக்கும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்பார்கள். தேங்காயை நானே திருகினேன். இரண்டாம் பாலில் காய்களை வேகவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கினேன். கொதித்தால் துளிகளின் உறை உடைந்து எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். பார்க்க அருமையாக வந்திருந்தது, போட்டோ எடுத்துச் செல்வராணிக்கு அனுப்பினேன்.

கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்துப் பொடியைக் கலந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது மேலே எண்ணெய் திட்டுத்திட்டாக நின்றது.

"திரிஞ்சிருக்கே" என்றாள் வல்லி. "கொதிக்க விட்டுட்டீங்களா?"

"ஆமா" என்றேன். கொதிக்கவிடாமல் இறக்கியதற்கு அடுப்பு சாட்சி, ஆனால் அடுப்பு பேசாது. அவள் முழுவதும் குடித்தாள். எனக்காகக் குடித்தாள் என்பது தெரிந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

38.8.

வாயில் புண் என்கிறாள். நாக்கு ஓரமும் உதட்டின் உள்பக்கமும் சிவந்திருக்கிறது. சத்துக் குறைவுதான் காரணமாக இருக்கும். மணத்தக்காளிக் கீரை வாங்கி வந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கூட்டு வைத்தேன். நாற்பது டிகிரி.

ஆகஸ்ட் 15, வியாழன்

38.4. விடுமுறை.

டாக்டருக்குப் போன் செய்து எடைகளை வாசித்தேன்.

"காப்ஸ்யூல் சாப்பாட்டோடதான எடுக்கிறாங்க?"

"சாப்பாட்டோடதான் டாக்டர்."

"அம்மாகிட்டச் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்."

ஒன்றை இரண்டாக்கச் சொன்னார். முப்பத்தொன்றாம் தேதி அவளை நேரில் கூட்டி வர வேண்டும். முப்பத்தேழுக்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே அட்மிட் செய்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் இறக்குவார்களாம். "இனிமே இறங்கினா உடம்பு தாங்காது சார்" என்றார்.

போனை வைத்ததும் வல்லி கேட்டாள், "என்ன சொல்லுதாரு?" குழாய் விஷயத்தைச் சொன்னேன். அதை மறைக்க முடியவில்லை. முழங்கைக்கு ஏறிய வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டாள். பிறகு, "எங்கம்மைக்குப் போட்டாங்கல்லா, கடைசில. அந்தக் குழாயோடதான் போனா. எனக்கு வேண்டாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

38.0. இரட்டிப்பாகக் கொடுத்தும் 38.

அலமாரியிலிருந்து சேலை எடுக்கப் போனவள் பாதியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கினேன். கல்யாணமான புதிதில்கூட இவளை இப்படி லேசாகத் தூக்கியதில்லை. "பாத்து, போஸ்ட் கவர் மாதிரி பறந்துரப் போறேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

புண் அதிகமாகிவிட்டது. சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆனாலும் தட்டைக் காலி செய்கிறாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

37.6.

காலையில் செல்வராணி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஸார், வெரல் என்ன இப்படி உரிஞ்சிருக்கு? ஆசிட் பட்டுருச்சா?"

வலது கையில் மூன்று விரல் நுனிகள். ஆசிட் எதுவும் படவில்லை. அந்த மூன்று விரலாலும் நான் தொடுவது ஒன்றைத்தான். வேளைக்கு ஒன்றும் இரண்டுமாக, பதினைந்து நாளாக.

இழுப்பறையைத் திறந்தேன். டப்பாவுக்கு அடியில் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. முதல் பத்திக்குக் கீழே நான் இதுவரை படிக்கவே இல்லை. ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்து மடித்தவன், பிறகு பிரிக்கவே இல்லை. இன்று பிரித்தேன்.

மணிகளின்மேல் ஒரு பூச்சு இருக்கிறதாம். வயிற்றில் இருக்கும் அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போய்ச் சேரும்வரை காப்பாற்ற. நசுக்கக் கூடாது. மெல்லக் கூடாது. நசுக்கினால் மருந்து வயிற்றிலேயே வீணாகிவிடும். வாயில் தங்கினால் புண் வரும். முழுதாக, முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். டாக்டர் அன்று ஐந்து நிமிடம் சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

படித்ததும் நம்பியிருக்கலாம். எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு குழாய்கள் எடுத்தேன். இரண்டிலும் வயிற்றில் இருக்கும் அளவுக்கு நீர்த்த அமிலம். ஒன்றில் என் பொடி, ஒன்றில் முழு மணிகள். உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தேன். அமிலத்தைச் சோடா போட்டு முறித்து, ரோஜா நிறப் பாலை இரண்டிலும் ஊற்றினேன். முழு மணிகள் மெல்லக் கரைந்து, அரை மணியில் பால் வெளுத்தது. என் பொடி போட்ட குழாயில் ரோஜா நிறம் அப்படியே இருந்தது. மதியம் பார்த்தேன், அப்படியே இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போதும் அப்படியே இருந்தது.

சூடு ஒன்றுதான் எதிரி என்று நினைத்துவிட்டேன். பால்காரன் புத்தி. சோற்றையும் சொதியையும் அவள் வாயையும்தான் அந்தப் பொடி செரித்திருக்கிறது. அவளுக்கு ஒரு துளி நெய்கூட ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிக்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடமிருந்துதான் இதை ஒளித்து வைத்தேன்.

செல்வராணி என்ன என்று கேட்டாள். குழாய்களைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

37.4.

சாயங்காலம் நாற்காலியை அவள் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வல்லி, ஒண்ணு சொல்லணும்."

"பருப்புப்பொடியில என்னமோ போடுதீங்களே, அதா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உரல் சத்தம் கேக்கும்லா?" என்றாள். "திருச்செந்தூர் இலை விபூதியப் பொடிச்சுப் போடுதீங்கன்னு நெனச்சேன். நீங்க சாமி கும்பிடாத ஆளு, வெளிய சொல்ல வெக்கமா இருக்கும்னு நானும் கேக்கலை. ஒவ்வொரு வாயும் முருகான்னு சொல்லித்தான் முழுங்குனேன்."

ஆனாலும் சொன்னேன். என்ன மருந்து, எதிலிருந்து எடுப்பது, ஏன் மறைத்தேன், எப்படி வீணாக்கினேன், டாக்டரிடம் சொன்ன பொய், வாய்ப்புண், எல்லாம். ஒன்றையும் விடவில்லை.

அவள் எழுந்து சுவரைப் பிடித்தபடியே பாத்ரூமுக்குப் போனாள். வாய் கொப்பளிக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

37.2.

பேசவில்லை. குளித்தாள், விளக்கேற்றினாள், அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அவளே இரண்டு இட்லி ஊற்றினாள். நான் கிட்டே போனதும், "நானே வச்சுக்கிடுதேன்" என்றாள். அது ஒன்றுதான் பேச்சு. எண்ணெய் இல்லை, நெய் இல்லை, இட்லியில் சீனி தொட்டுச் சாப்பிட்டாள். என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கவில்லை.

லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்து என்ன செய்வது என்று தெரியாமல் கொடியில் காய்ந்த துணிகளை மூன்று முறை மடித்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

37.0.

பத்து மணிக்கு, "அந்தத் தாள எடுங்க" என்றாள். திங்கட்கிழமையே லேபிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், டப்பாவோடு கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு பக்கமும், அச்சடித்த கம்பெனி விலாசம் வரைக்கும். ஒரு மணி நேரம் ஆனது. சில வரிகளில் நகத்தால் கோடு போட்டாள். நான் மணி ஆர்டர் பாரத்தைத் தப்பாக நிரப்பிவிட்டு நிற்பவன் மாதிரி எதிரில் நின்றேன்.

தாளை மடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பன்னிகிட்டயும் யாரும் கேக்கலை. எங்கிட்டயும் யாரும் கேக்கலை."

"தப்புதான் வல்லி."

"தப்புன்னு நீங்க சொல்லணுமாக்கும்? சைவம் போச்சேன்னு நான் அழுதேன்னு நெனைக்கிறீங்க. அதுக்கும்தான் அழுதேன். ஆனா அது எனக்கும் சாமிக்கும் உள்ளது, நான் பேசிக்கிடுவேன். உங்களுக்கும் எனக்கும் உள்ளது வேற. நான் என்ன திங்கேன்னு எனக்குத் தெரியாம இருந்திருக்கு. பதினஞ்சு நாளு. எங்கிட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருக்கலாம். ரெண்டு நாள் கழிச்சுச் சரின்னும் சொல்லியிருக்கலாம். அந்த ரெண்டு நாளு உங்களுக்குப் பொறுக்கலை."

பயமாக இருந்தது என்று சொன்னேன். நீ செத்துப் போய்விடுவாயோ என்று பயம், அதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை என்றேன். அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் மூக்கு ஒழுக அழுதேன்.

அவள் கொஞ்சம் இறங்கினாள். "எனக்கும் பொழைக்கணும்னு இருக்கு. அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல" என்றாள். "நான் போட்டுக்கிடுதேன். ஆனா ஒவ்வொரு வேளையும் நீங்க கேக்கணும். நான் சரின்னா சரி. வேண்டாம்னா வேண்டாம். அன்னைக்கு ஒரு வார்த்த பேசப்பிடாது, மூஞ்சியத் தூக்கப்பிடாது."

சம்மதித்தேன். மதியம் தட்டு வைத்துவிட்டுக் கேட்டேன், "போட்டுக்கிடுதியா?" காப்ஸ்யூலை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், உதடு அசைந்தது. முதல் கவளத்தோடு விழுங்கினாள்.

டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டுதான், ஒன்று முதல் கவளத்தோடு, ஒன்று பாதிச் சாப்பாட்டில் என்றார். அதிகம் ஆசைப்பட வேண்டாம், முப்பத்தொன்றாம் தேதி பார்ப்போம் என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

37.0. இறங்கவில்லை. இறங்கவில்லை.

கக்கூஸ் இரண்டு முறை. ஒரு வாளி தண்ணீர் போதுமாக இருந்ததாம். அவளே வந்து சொன்னாள், ஆபீசில் கணக்கு ஒப்படைக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

37.3. புண் ஆறிவருகிறது. மறுபடி சொதி வைத்தேன். திரியவில்லை. இரண்டு முறை வாங்கிக் குடித்தாள்.

இதுவரை பதினாறு வேளை கேட்டிருக்கிறேன். பதினாறு முறையும் "ம்" என்றாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

37.5. செல்வராணிக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் சந்தோஷத்தில் கத்தினாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

37.6.

நாளை டாக்டரிடம் போக வேண்டும். ஒவ்வொரு கிராமும் கணக்கு. மதியத்துக்கு வெண்பொங்கல் வைத்து, நெய்யைத் தாராளமாக ஊற்றி, முந்திரி வறுத்துப் போட்டேன். தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"போட்டுக்கிடுதியா வல்லி?"

"வேண்டாம்" என்றாள்.

காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எடை பார்ப்பார்களே, நீதானே குழாய் வேண்டாம் என்றாய், இன்று ஒரு வேளை மட்டும்... எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். மருந்து இல்லாமல் இந்த நெய்யைச் சாப்பிட்டால் வயிறு படாத பாடு படும். பொங்கல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். டப்பா மேடைமேல்தான் இருந்தது, கை எட்டுகிற தூரத்தில். வெறும் சாதம், தாளிக்காத ரசம், மோர் வைத்துக் கொண்டுவந்தேன். மூஞ்சியைத் தூக்காமல் இருந்தேனா என்று தெரியவில்லை, முயற்சி செய்தேன்.

அவள் முழுவதும் சாப்பிட்டாள். பொங்கலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "ம்" என்றாள்.

ஆகஸ்ட் 31, சனி

டாக்டரின் மிஷினில் 37.4.

டாக்டர் வல்லியின் நாக்கைப் பார்த்தார், கையை அழுத்திப் பார்த்தார். "டியூப் எல்லாம் தேவையில்லம்மா. இப்படியே போங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் செஞ்ச காரியத்துக்கு அவரைத்தான் அட்மிட் பண்ணணும்" என்றார். வல்லி சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான்தான் தொடங்கினேன்.

"நேத்து எதுக்கு வேண்டாம்னு சொன்ன?"

"நான் வேண்டாம்னா என்ன செய்வீங்கன்னு பாக்கணும்லா."

"எடை கொறஞ்சிருந்தா?"

"கொறஞ்சிருந்தா கொழாய்தான். எனக்கும் பயந்தான். ஆனா இது தெரியாம ஆயுசு பூரா உங்க கைச் சோத்த எப்படித் திங்க?"

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்பிட்ட பொறவு, நீங்க பக்கத்து வீட்டுக்குப் போனீங்கல்லா, அப்ப அடுப்படிக்குப் போனேன்" என்றாள். "டப்பாவுல எத்தன இருந்துச்சுன்னு காலைலயே எண்ணி வச்சிருந்தேன். ரசத்துல கிசத்துல கலந்திருந்தீங்கன்னா ரெண்டு கொறயும்லா?"

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணலை" என்றாள். "எண்ணணும்னுதான் தொறந்தேன். பொறவு மூடிட்டேன்."

நான் வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை, அழுகை சத்தமாகவே வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினார்.

"ஒண்ணுமில்ல தம்பி, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் வல்லி.